மூலையில்லாத பெட்டி

கட்டிலைக் கழற்றுவதென்று முடிவெடுத்த பிறகு பெரியவள் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. பாய்லர்காரரின் கருவிப் பெட்டியிலிருந்து பெரிய திருப்புளியை எடுத்துக்கொண்டு தானே பின்னறைக்குள் போனாள். துருப்பிடித்த திருகுகள் மேல் எண்ணெயைச் சொட்டவிட்டு, ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை. இது மழையே இல்லை, மேலே யாரோ வாளி வாளியாகக் கழுவி ஊற்றுகிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். முன்னறைக் கூரை கண்ட இடத்தில் ஒழுகியது. சமையலறைச் சுவரில் பச்சை படர்ந்துவிட்டது. வீட்டில் காய்ந்த தரை என்று இருந்தது பின்னறை மட்டும்தான்.

அந்தக் காய்ந்த தரையில்தான் தகராறே.

சின்னவள் சமையலறை வாசலில் குந்தி உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். உள்ளே பலகை பெயரும் சத்தம் கேட்டதும் கத்தி ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிற உரிமை இந்த வீட்டில் தனக்குக் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

பெரியவள், சின்னவள் என்று பெயர் வைத்தது தெரு. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஆள் பாய்லர்காரர். ஊர் ஊராகப் போய் ஆலைகளில் பாய்லர் பழுது பார்ப்பவர்; போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். அப்படிப் போன ஊர் ஒன்றில் அவருக்கு இன்னொரு அடுப்பு எரிகிறது என்பதைப் பெரியவள் பல வருஷத்துக்கு முன்பே ஒரு சட்டைப் பொத்தானில் கண்டுபிடித்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவளிடம் துணி பொய் சொல்ல முடியாது. பொத்தானைத் தைத்திருந்த முடிச்சு அவள் போடுகிற முடிச்சு இல்லை. அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

பிறகு ஒருநாள் இரண்டு ஊரும் இல்லாத வேறோர் ஊரில், பாய்லருக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆலைக்காரர்கள் உடம்பைக் கொண்டுவந்து சேர்த்தது பெரியவள் வீட்டில். விஷயம் தாமதமாகத் தெரிந்து, புதைத்த மண் காய்வதற்குள் அவருடைய துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள் சின்னவள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள்.

"இதைக் குடுத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் படியிலேயே மடங்கி விழுந்தாள். தொட்டால் கை சுட்டது.

காய்ச்சலில் கிடப்பவளை மழையில் தள்ளிக் கதவைச் சாத்தப் பெரியவளுக்கு மனம் வரவில்லை. வரவில்லையே என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. காய்ச்சல் இறங்கியது, மழை இறங்கவில்லை. சின்னவள் வேலை பார்த்த குஞ்சு பொரிக்கிற கம்பெனியில் அவளை நிறுத்திவிட்டார்கள். வாடகை வீடும் கைவிட்டுப் போயிற்று. முன்னறையில் ஒழுகாத ஓரமாகப் பார்த்துப் பாயைப் போட்டுச் சுருண்டுகொண்டாள். கேட்காமலே பாத்திரம் கழுவினாள், கேட்காமலே கூட்டினாள். பெரியவள் அவளை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பாள். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைக்கும்போதும் இந்தா, தண்ணீர்க் குடத்தைக் காட்டும்போதும் இந்தா.

பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியனின் பெண்டாட்டிதான் ஆரம்பித்து வைத்தாள். "பின்னறை சும்மாதானே பூட்டிக் கிடக்கு பெரியக்கா? பாவம், அந்தப் பொண்ணு ஈரத்துல படுத்து இருமிக்கிட்டே கிடக்கு. அங்க படுத்துக்கட்டுமே."

இது எப்படியோ கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள் காதுக்குப் போய்விட்டது. அன்றைக்கே போன் வந்தது.

"அம்மா, உனக்குக் கிறுக்கு எதும் புடிச்சிருக்கா? அப்பா கட்டில்ல அவ ஒருநாள் முதுகைச் சாய்ச்சா போதும், அப்புறம் அந்த ரூம் அவளோடது. அடுத்தது வீடு அவளோடது. நீ முன்னறையில பாய் போட்டுப் படுக்க வேண்டியதுதான்."

"யாரும் அங்க படுக்கலடி."

"இன்னைக்குப் படுக்கல."

போனை வைத்த பிறகும் அந்த "இன்னைக்கு" காதுக்குள்ளேயே நின்றது. மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில், சந்தை ஓரத்தில் ஒரு வியாபாரி அட்டைப் பெட்டியில் கோழிக்குஞ்சுகளை வைத்துக்கொண்டு, மழையில் வாங்க ஆளில்லாமல் நின்றான். பிறந்த ஈரம் அப்போதுதான் காய்ந்த குஞ்சுகள். பெரியவள் வாழ்நாளில் கோழி வளர்த்தவள் இல்லை. பெட்டியோடு வாங்கிக்கொண்டாள். பின்னறையை நிரப்ப ஏதாவது வேண்டியிருந்தது. கோழிக்குக் கிடைத்த இடம் உனக்குக் கிடைக்கவில்லை பார் என்று வாய்விட்டுச் சொல்லவும் தேவையில்லை.

கட்டிலின் பக்கப் பலகைகளும் தலைமாட்டுப் பலகையும் கால்மாட்டுப் பலகையும் ஒரு நீளப் பெட்டியாக நின்றன. அடியில் செய்தித்தாளை விரித்தாள். தீனியை ஒரு தட்டிலும் தண்ணீரை ஒரு குண்டாவிலும் வைத்தாள். பல்பு மாட்டுவதற்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஆள் ஒல்லி, தெருவில் கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன பெரியக்கா, கட்டிலுக்குள்ள பல்பு மாட்டச் சொல்றீங்க?"

"கட்டில் எங்கடா இருக்கு? பெட்டி."

கம்பி பலகையைத் தடவிப் பார்த்தான். "அண்ணன் படுத்த பலகை."

"அண்ணன் இனிமே படுக்கமாட்டார். மாட்டு."

அவன் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு ஒயரை இழுத்தான். குண்டு பல்பு எரிந்ததும் மஞ்சள் வெளிச்சத்தில் குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு ஓடின. பெரியவள் கதவைச் சாத்திவிட்டு வந்து கை கழுவினாள். சின்னவள் உருளைக்கிழங்குச் சட்டியை இறக்கிவைத்தாள். 

காலையில் கதவைத் திறந்தால் ஒரு மூலையில் குஞ்சுகள் குவியலாகக் கிடந்தன. மேலே இருந்தவை குதித்து ஓடின. அடியில் இருந்தவை அசையவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தபோது ஈரக் கைக்குட்டையைப் போல் தட்டையாக, குளிர்ந்து இருந்தன. பெரியவள் அவற்றை முறத்தில் அள்ளிக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். சின்னவள் டீ டம்ளரோடு கொல்லை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குளிராக இருக்கும் என்று நினைத்துப் பெரியவள் பல்பை இன்னும் இறக்கிக் கட்டினாள். மறுநாள் காலை, எதிர் மூலையில் குவியல். தண்ணீர்க் குண்டாவிலும் ஒன்று மிதந்தது. இன்னொன்று கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து, எழ முடியாமல் செய்தித்தாளில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

முறத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது சின்னவள் அதே இடத்தில், அதே டம்ளரோடு நின்றாள். பெரியவளுக்குத் தாங்கவில்லை.

"என்ன பார்வை? நல்லாப் பாரு. உன் கண்ணு பட்டுத்தான் எல்லாம் போகுது."

"கண்ணுல ஒண்ணும் இல்லக்கா" என்றாள் சின்னவள். "மூலைதான். குளிருச்சுன்னாலும் பயந்துச்சுன்னாலும் குஞ்சு மூலைக்குத்தான் ஓடும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அடியில இருக்கிறது மூச்சு முட்டிச் செத்துப்போகும். குஞ்சுப் பெட்டிக்கு மூலையே இருக்கக்கூடாது."

பெரியவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா இது?"

"கம்பெனியில அதான வேலை. பொரிச்சதுலேருந்து றெக்கை முளைக்கிற வரைக்கும் நான்தான் பாப்பேன்."

"முதல் நாளே தெரியுமா?"

"கட்டின அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் டீ குடிச்சுக்கிட்டு நின்னியா?"

சின்னவள் டம்ளருக்குள் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு, "ஆமா" என்றாள். "அந்தப் பலகையைக் கழட்டினீங்க இல்ல, அது எதுக்குன்னு எனக்குப் புரியாதா? எனக்கும் வாய் வரல. சாவட்டும்னு இருந்துச்சு."

பெரியவள் முறத்தைப் பார்த்தாள். அவளைத் திட்டலாம் என்றால் முதல் வார்த்தையே தன் மேல்தான் வந்து விழும்போல் இருந்தது. நான் வாங்கினது உன்னை விரட்ட. நீ சும்மா நின்றது என்னைப் பழிவாங்க. நடுவில் செத்தது இதுகள். 

"இப்ப என்ன செய்யணும்?" என்றாள் பெரியவள்.

சின்னவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "முதல்ல அந்தப் பேப்பரை எடுக்கணும்."

அன்று முழுக்க வேலை ஓடியது. கம்பி வீட்டிலிருந்து ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப் பெட்டியை வாங்கி வந்து பிரித்து, நீள நீளமாக வெட்டி, பலகைப் பெட்டிக்குள் வளைத்து நிறுத்தினார்கள். நான்கு மூலையும் அட்டைக்குப் பின்னால் மறைந்து, உள்ளே வட்டமாக ஓர் இடம் கிடைத்தது. தச்சுப்பட்டறையில் மூட்டை கட்டி வைத்திருந்த மரச்சீவலைப் பெரியவள் தூக்கி வந்தாள். முதலில் மரத்தூள் கொண்டுவந்து, திருப்பி அனுப்பப்பட்டாள். "தூள் வேணாம்க்கா, தீனின்னு நினைச்சுத் தின்னுடும். சுருள் சுருளா இருக்கும் பாருங்க, அது." சீவல் மேல் பழைய சாக்குத்துணி, கால் வழுக்காமல் இருக்க. தண்ணீர்க் குண்டாவுக்குப் பதில் ஆழமில்லாத தட்டு, அதில் கூழாங்கல், மூக்கு மட்டும் நுழைகிற மாதிரி. கதவடியில் காற்று வரும் இடுக்கில் சுருட்டிய கோணி.

கடைசியாகப் பல்பு. பெரியவள் அதை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று கேட்டுக் கேட்டு நச்சரித்தாள்.

"பல்பைப் பாக்காதீங்க. குஞ்சைப் பாருங்க" என்றாள் சின்னவள். "பல்புக்குக் கீழயே ஒட்டிக்கிட்டுக் கத்துச்சுன்னா குளிருது. அட்டைப் பக்கம் ஓடிப்போய் வாயைத் திறந்துக்கிட்டு நின்னா சூடு. அங்க ஒண்ணு இங்க ஒண்ணா, தூங்குறது தூங்க, தின்றது தின்ன, இருந்துச்சுன்னா சரியா இருக்கு. ஒரு வீட்டைப் பாத்தா தெரியாதா, அந்த மாதிரிதான்."

பெரியவள் கயிற்றைக் கையில் சுற்றினாள். இந்த வீட்டை யாராவது மேலிருந்து பார்த்தால், ஆளுக்கு ஒரு சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு பேர் தெரிவார்கள்.

கயிற்றை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, மாலையில் ஒரு நேரம் வந்தது. கத்தல் அடங்கிக் கிசுகிசுவென்று மெல்லிய சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் பரவலாகக் கிடந்தன. ஒன்று நின்றபடியே தூங்கி முன்பக்கம் சாய்ந்தது. சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் பின்னறையில்தான் பொழுது போயிற்று. பெரியவள் சலவைக்கூடத்திலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அங்கே போய் உட்காருவாள். சில குஞ்சுகளுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து, தோல் பிய்யாமல் துடைத்தெடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் கிண்ணம் வைத்து, கையில் ஆளுக்கொரு குஞ்சோடு அந்த வேலையைச் செய்தார்கள். கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று ஒருநாள் பெரியவள் கேட்டாள். எதைக் கேட்கிறாள் என்பதில் சந்தேகம் இல்லை.

"சேந்து கொஞ்ச நாள் ஆனப்புறம். தூக்கத்துல உங்க பொண்ணைக் கூப்பிட்டார்."

"தெரிஞ்சதும் விட்டுப் போயிருக்கலாம்ல?"

"போயிருக்கலாம்." சின்னவள் குஞ்சைத் திருப்பிப் பிடித்தாள். "உங்களுக்கும் தெரியும்னு அன்னைக்குப் பொத்தான் கதை சொன்னீங்க. நீங்க ஏன் விடல?"

"எனக்குப் பொண்ணு இருந்துச்சு."

"எனக்கு அவர்தான் இருந்தார்."

மழை ஓட்டின் மேல் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. பெரியவள் பஞ்சை மாற்றினாள்.

"முட்டை ஆகாது அந்த ஆளுக்கு. வாசனை பட்டாலே எழுந்து போயிடுவார். அவருக்காக நானும் தின்னாம விட்டேன். இத்தனை வருஷம்."

சின்னவள் நிமிர்ந்தாள். "யாருக்கு?"

"அவருக்குத்தான்."

"அக்கா, கம்பெனியில உடைஞ்ச முட்டையெல்லாம் எங்களுக்குத்தான் குடுப்பாங்க. தினமும் ராத்திரி அதான் எங்க வீட்டுல. ஒரே மூச்சுல நாலு முட்டை உள்ள போகும். கடைசி முட்டையில எனக்குப் பங்கு வச்சதே கிடையாது."

பெரியவள் அவளையே பார்த்தாள். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று சின்னவள் பயந்துபோனாள். சிரிப்பு. கையிலிருந்த குஞ்சு மிரண்டு கத்தக் கத்தச் சிரித்தாள். "திருட்டுப் பய" என்றாள். "ரெண்டு வீட்டுக்கு ரெண்டு நாக்கு வச்சிருந்திருக்கான்." அவர் செத்த பிறகு அவரைத் திட்டியது அதுதான் முதல் தடவை. திட்டியதில் உடம்பு கொஞ்சம் லேசானதுபோல் இருந்தது.

குஞ்சுகளுக்குச் சிறகு நுனியில் நிஜ இறகு எட்டிப்பார்த்தது. பஞ்சு போன்ற பிஞ்சு மயிர் உதிர உதிர, அறை முழுக்க மாவு தூவியதுபோல் வெள்ளைத் தூசி படிந்தது. ஜன்னல் கம்பியில், பல்பின் மேல், தண்ணீர் மேல் ஆடையாக. சின்னவளின் இருமலும் அதோடு வளர்ந்தது. ஈரம் என்றாள். பழைய சளி என்றாள். ஒருநாள் தீனி மூட்டையைத் தூக்கப் போனவள் பாதியில் உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு, காற்றைப் பிடித்துப் பிடித்து விழுங்கினாள். உதடு நீலமாக இருந்தது. சூடு தாங்காத குஞ்சு இப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பெரியவளுக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்தது.

தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனாள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். சின்ன வயசு டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெரியவளைத் தனியே அழைத்தாள்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"என் வீட்டுக்காரரோட சின்ன சம்சாரம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்க?"

"பெரிய சம்சாரம்."

"அவர் எங்க?"

"அவர் தப்பிச்சிட்டார். நீங்க விஷயத்தைச் சொல்லுங்க."

கோழித் தூசி என்றாள் டாக்டரம்மா. வருஷக்கணக்காக இறகுத் தூளையும் எச்சத் தூசியையும் சுவாசித்து நுரையீரல் தழும்பேறிப்போயிருக்கிறது. வேலையை விட்டு நின்றதே அதனால்தான் இருக்கும், தெரியாதா? இனி அந்தப் பக்கமே போகக்கூடாது. வீட்டில் கோழி ஏதாவது இருக்கிறதா?

 "ரூம் நிறைய இருக்கு" என்றாள் பெரியவள்.

திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்தானே உனக்கு? அதுக்குத்தானே கம்பெனியில நிறுத்தினாங்க?"

"இருமல்காரி வேணாம்னுட்டாங்க."

"அப்புறம் எதுக்கு அந்த ரூமுக்குள்ள வந்து உட்காந்தே? செத்துத் தொலையவா? மூலையிருந்தா குஞ்சு சாகும்னு கண்டுபிடிச்ச, உன் நெஞ்சு போகும்னு தெரியாதா உனக்கு?"

சின்னவள் படியில் உட்கார்ந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "நான் வந்தப்ப இந்த வீட்டுல என் கூடப் பேசறதுக்கு யாராவது இருந்தாங்களா, அக்கா? அந்த ரூமுக்குள்ள போனதுக்கப்புறம்தான் நீங்க பேசினீங்க."

 பெரியவள் அன்றே குஞ்சுகளையெல்லாம் கம்பியிடம் கொடுத்துவிடுகிறேன் என்று கிளம்பினாள். சின்னவள் ஒரேயடியாக மறுத்தாள். முழு இறகு வரவில்லை, இந்த மழையில் வெளியே போனால் ஒன்றுகூடத் தேறாது, ஏற்கெனவே நாம் இரண்டு பேரும் சேர்ந்து கொன்றது போதாதா என்றாள். அந்த "நாம் இரண்டு பேரும்" பெரியவளைக் கட்டிப்போட்டது.

கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. சின்னவள் அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. சந்துப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, கம்பி கட்டிக்கொடுத்த தார்ப்பாய்க்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். குரல் மட்டும் கொடுக்கலாம். பெரியவள் ஆஸ்பத்திரித் துணியை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே வேலை செய்தாள். பழைய சீவலை அள்ளினாள், புதுசைப் பரப்பினாள், அட்டை வளையத்தைப் பெரிதாக்கினாள், பல்பை வாரத்துக்கு ஒரு சாண் ஏற்றினாள்.

"அந்தக் கறுப்பு இறகுக்காரன் ரொம்பக் கொத்துறான் பாருங்க. தனியா எடுத்து வைங்க."

"எவன்? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு."

"இடது பக்கம். அய்யோ, அது இல்ல. உங்க இடது இல்ல, என் இடது."

"எஜமானியம்மா உத்தரவு" என்று பெரியவள் துணிக்குள்ளிருந்து முணுமுணுத்தாள். "உள்ள வந்து காட்டு பாப்போம், காலை உடைக்கிறேன்."

சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சக்களத்தி ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறாள், பெரியவள் மூக்கைக் கட்டிக்கொண்டு கோழி எச்சம் அள்ளுகிறாள் என்று தெருவுக்கு நல்ல வேடிக்கை. மகள் போனில் கத்தினாள். "அவ உன்னை வேலைக்காரி ஆக்கிட்டாம்மா." பெரியவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

மழை குறைந்தது. குஞ்சுகள் கொல்லைக்கு இறங்கின. மூங்கிலும் வலையும் வைத்துக் கம்பி ஒரு கூண்டு கட்டிக்கொடுத்தான். பெரியவள் பின்னறையைச் சலவைச் சோடா போட்டு மூன்று தடவை கழுவி, சுவரைத் துடைத்து, ஜன்னலைத் திறந்துபோட்டாள். சின்னவளை அங்கேதான் படுக்க வைத்தாள். கட்டில் இல்லை, மெத்தையைத் தரையில் போட்டாள். மகள் பயந்தது நடந்துவிட்டது. ஆனால் சின்னவள் அந்த அறையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். படுத்தால் மூச்சு வரவில்லை.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பெரியவள் வேலைக்கு நடுவில் ஓடிப்போய்ப் பார்ப்பாள். மூக்கில் குழாயோடு சின்னவள் கேட்பாள். "எப்படி இருக்குங்க?" குஞ்சுகளைத்தான். பெரியவள் ஒவ்வொன்றாகச் சொல்வாள். எது எதை விரட்டுகிறது, எது வலையில் காலை மாட்டிக்கொண்டது, கம்பி வீட்டுப் பூனை எந்தச் சுவரில் உட்கார்ந்து நாக்கைச் சப்புகிறது. ஒருநாள் டாக்டரம்மாவை நடையில் மறித்து, "நான் அந்தக் குஞ்சை வாங்காம இருந்திருந்தா இவ பிழைச்சிருப்பாளா?" என்று கேட்டாள். டாக்டரம்மா யோசித்தாள். "முன்னாடியே ரொம்பக் கெட்டுப்போச்சும்மா. கொஞ்ச நாள் கூட இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். அதை யாரும் சொல்ல முடியாது." இல்லை என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு மத்தியானம், வெந்நீர்த் தொட்டியில் போர்வைகள் சுழன்றுகொண்டிருந்தபோது, மேல்வார்டு ஆயா சலவைக்கூட வாசலில் வந்து நின்றாள். பெரியவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள். பிறகு அந்தப் படுக்கை விரிப்பு கீழே வந்தபோது வேறு யாரையும் தொடவிடாமல் தானே துவைத்துப் பிழிந்து மடித்தாள்.

காரியமெல்லாம் முடிந்து வெயில் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் மகள் வந்தாள். கோழிகளைப் பார்த்து மலைத்துப்போனாள். கொல்லை முழுக்கப் பளபளவென்று நின்றன.

"நீயாம்மா வளத்தே இவ்வளவையும்?"

"கை மட்டும்தான் என்னுது" என்றாள் பெரியவள்.

மகளுக்குச் சோறு போட்டு எதிரில் உட்கார்ந்தாள். மகள் சாப்பிட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பின்னறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. எதையோ கேட்கத் தயங்குகிறாள் என்பது தெரிந்தது. இரண்டு கவளம் கழித்துக் கேட்டாள்.

"அவளை எங்க வச்சீங்க? அப்பா பக்கத்துலயா?"

"இல்ல."

மகளுக்கு மூச்சு விட்டதுபோல் ஆயிற்று. "நல்லவேளை. கம்பி அண்ணன் பெண்டாட்டி சொன்னதைக் கேட்டு எனக்கு அதான் ஒரே கவலையா இருந்துச்சு. அவர் பக்கத்துல இருக்கிறது உன் இடம்மா. அதைப் போய் அவளுக்குக் குடுத்துட்டியோன்னு நினைச்சேன்."

"குடுக்கலடி. அங்கே இடம் இருந்துச்சு, குடுக்கல. அவளைச் சுவரோரமா, நல்லாக் காத்து வர்ற பக்கமாப் பாத்து வச்சேன்."

"நல்லது பண்ணினே. உன் இடம் உனக்குன்னு இருக்கட்டும்."

பெரியவள் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். "நானும் அங்க போகல. குழி வெட்டுறவன்கிட்ட சொல்லி வச்சிட்டேன். அவ பக்கத்துல எனக்கு ஒரு ஆள் இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கேன்."

மகளின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அம்மாவின் முகத்தில் விளையாட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

"அப்ப அப்பா?"

"அவருக்கென்ன" என்றாள் பெரியவள். "ஒரு நாளாவது தனியாப் படுத்திருந்தா தெரியும். இப்பப் படுக்கட்டும். சாப்பிடு, ஆறிப்போகுது."